டி.டி.எஸ். பேனாவை நம்பித் தென்னைக்குத் தண்ணீர் விடலாமா?

கேள்வி: பல்லடம் பக்கம் எட்டு லைன் வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறேன். மொத்தம் முப்பது பேர் குடியிருக்கிறார்கள். செப்டிக் டேங்கிலிருந்து வழிவதும், குளியலறை, சமையலறைச் சலதாரைத் தண்ணீரும் ஒரே குழியில் சேர்கின்றன. நாற்றம் பொறுக்காமல் பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். ஒருவர் வந்து சோதித்துவிட்டு, "டி.டி.எஸ். 980, பி.எச். 7.4, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது. மாதம் ஒருமுறை எங்கள் பவுடரைப் போட்டால் தென்னைக்கு அப்படியே விடலாம், டேங்கை அள்ளவே வேண்டாம்" என்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். அந்த இரண்டு எண்களும் பொய்யாக இருக்காது: டி.டி.எஸ். என்பது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு, பி.எச். என்பது அதன் அமில-காரத் தன்மை. ஆனால் காய்ச்சல்காரனை எடைபோட்டுவிட்டு "உடம்புக்கு ஒன்றுமில்லை" என்று சொல்வது போன்றது அது.

அவர் கையில் இருந்த டி.டி.எஸ். பேனா, தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்த உப்பைக் கணக்கிட்டுச் சொல்கிறது. மலத் துகள், சோற்றுக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு, கிருமி எதுவும் அதன் கண்ணில் படாது. சந்தேகமாக இருந்தால், அவர் அடுத்த முறை வரும்போது ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் நான்கு கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். பேனா காட்டும் எண் ஏறாது. ஆனால் அதே சர்க்கரைத் தண்ணீர் இரண்டு நாள் குழியில் கிடந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும்.

ஒருவருக்கு நாளைக்கு நூறு லிட்டர் என்று வைத்தால், உங்கள் வீடுகளிலிருந்து 3,000 லிட்டர் வெளியேறுகிறது. அதில் ஆயிரத்தில் 999 பங்கு வெறும் தண்ணீர்தான். மிச்சம் ஒரு பங்குதான் இத்தனை பாடும் படுத்துகிறது. கழிப்பறையை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். நம் பக்கத்தில் அரிசி களைந்த தண்ணீரும் வடிகஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போகும், எருமை குடிக்கும். எருமையை விற்றுவிட்டு சிங்க் வைத்துக்கொண்டோம். இப்போது அந்த மாவுச்சத்து முழுவதும் சலதாரைக்கு வருகிறது.

இந்த அழுக்கைக் கிருமிகள் தின்கின்றன. தின்னும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கின்றன. எவ்வளவு இழுக்கின்றன என்று அளப்பதுதான் பி.ஓ.டி. சோதனை. ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் வேறு கிருமிகள் பெருகும். முட்டை அழுகிய நாற்றமும் தண்ணீரின் கறுப்பும் அவற்றின் வேலை. பக்கத்துக் காட்டுக்காரரின் மூக்கு, அந்தப் பேனாவைவிட நல்ல கருவி.

வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. பொதுவாக லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். செப்டிக் டேங்க் ஒழுங்காக வேலை செய்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும், அவ்வளவுதான். பாசனத்துக்காக நிலத்தில் விடும் கழிவுநீருக்கு மத்திய அரசின் சுற்றுச்சூழல் விதிகள் வைத்திருக்கும் உச்ச அளவு 100. அப்படியானால் உங்கள் குழித் தண்ணீர் "நன்றாகத்தான்" எப்படி இருக்கும்?

சோதனைக்குக் கொடுப்பதானால் நீங்களே சாம்பிள் எடுங்கள். மதியம் மூன்று மணிக்கு ஒரே ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போகிறவரிடம் விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் வருவது வெறும் துணி அலசிய தண்ணீராக இருக்கலாம். காலை ஆறு முதல் பத்து வரை மணிக்கு ஒருமுறை அரை லிட்டர் எடுத்து ஒரு வாளியில் சேருங்கள். கலக்கி, கழுவிய கேனில் நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்களே தரும் கிருமி நீக்கிய பாட்டிலிலும், எண்ணெய்-கொழுப்புச் சோதனைக்குக் கண்ணாடிப் பாட்டிலிலும் தனித்தனியாக நேரே பிடிக்க வேண்டும். பி.ஓ.டி., சி.ஓ.டி. (கிருமியின் உதவியில்லாமல் ரசாயனத்தால் அழுக்கை எரிக்க ஆகும் ஆக்சிஜன்), கரையாத் திடப்பொருள், எண்ணெய்-கொழுப்பு, மலக் கோலிஃபார்ம் (மலத்திலிருந்து வரும் கிருமி) என்று எழுதிக் கேளுங்கள்.

முடிவு வந்ததும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். நம் நாட்டு முறைப்படி பி.ஓ.டி. சோதனைக்கு 27 டிகிரியில் மூன்று நாள் ஆகும். இன்று மாலை கொடுத்த சாம்பிளுக்கு நாளைக் காலையில் பி.ஓ.டி. எண் வந்தால், அது ஆய்வகத்தில் பிறந்த எண் அல்ல. அடுத்து, வீட்டுக் கழிவுநீரில் சி.ஓ.டி. ஏறக்குறைய பி.ஓ.டி.யைப் போல இரண்டு மடங்கு இருக்கும். நான்கு, ஐந்து மடங்கு இருந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இதைக் கண்ணால் பார்த்தேன். சாம்பிள் எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு, பராமரிப்பு ஒப்பந்தக்காரர் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியிருந்தார். கிருமி செத்தால் ஆக்சிஜனை இழுக்க ஆளில்லை, பி.ஓ.டி. அழகாகக் குறைந்துவிட்டது. ஆய்வகம் குளோரினை முறித்துவிட்டு, புதிதாகக் கிருமி சேர்த்துச் சோதித்திருக்க வேண்டும். கேட்டால் "கொண்டுவந்ததைச் சோதித்தோம்" என்றார்கள். அறிக்கை கேட்ட அலுவலகமோ அதைக் கோப்பில் போட்டு மூடிவிட்டது.

அப்படியானால் டி.டி.எஸ். பார்க்கவே வேண்டாமா என்றால், ஒரு இடத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் வீடுகளுக்கு உப்புத் தண்ணீர் போர்வெல்லா? மேலே சாப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் கருவி) மாட்டியிருக்கிறீர்களா? சாப்ட்னர் உப்பை எடுப்பதில்லை. கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சில நாட்களுக்கு ஒருமுறை கல் உப்பைக் கரைத்து அதைக் கழுவும்போது, கழுவிய உப்புநீர் முழுவதும் சலதாரைக்குத்தான் போகிறது. சோடியம் மிகுந்த தண்ணீரைத் தொடர்ந்து விட்டால் மண் இறுகிப்போய்த் தண்ணீர் உள்ளே இறங்காது, கரிசலில் இது இன்னும் மோசம். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் என்பதால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. ஆகவே அந்தப் பேனாவை இரண்டு இடத்தில் நனையுங்கள்: குழாய்த் தண்ணீரில் ஒருமுறை, கழிவுநீரில் ஒருமுறை. வீட்டுப் புழக்கத்தால் சாதாரணமாக 200, 300 கூடும். குழாயில் 700 இருந்து கழிவில் 980 என்றால் கவலையில்லை. கழிவில் 2,000 என்றால் சாப்ட்னரோ ஆர்.ஓ. கழிவோ உப்பைக் கொட்டுகிறது. சாப்ட்னர் கழுவும் நீரைத் தனிக் குழாயில் பிரித்துவிடுங்கள். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைக் கொடுத்தால் சோடியத்தின் அளவையும் பார்த்துச் சொல்வார்கள்.

பவுடர் விஷயம். செப்டிக் டேங்கில் கிருமிக்குப் பஞ்சமே இல்லை, காசு கொடுத்து வாங்கிப் போட வேண்டியதில்லை. எந்தப் பவுடரும் அடியில் படியும் கசடை மாயமாக்காது. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை அள்ளியே தீர வேண்டும். உரிமம் பெற்ற வண்டியைக் கூப்பிட்டு, எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேளுங்கள். இருட்டியதும் ஊர்ப் பள்ளத்தில் திறந்துவிடுகிற வண்டிகளும் இருக்கின்றன. ஆளை உள்ளே இறக்கிவிடாதீர்கள்: விஷவாயு நொடியில் கொல்லும், மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றமும்கூட.

வரைபட அனுமதிக்கு ஒரு சிறு செவ்வகத்தை வரைந்து "செப்டிக் டேங்க்" என்று எழுதினால் போதும். உள்ளே தடுப்புச் சுவர் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர் இல்லை. நொய்யல் ஆறு என்றால் எல்லோருக்கும் சாயத் தண்ணீர் ஞாபகம் வரும், 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் ஞாபகம் வரும். நம் வீட்டுச் சாக்கடையும் அதே ஆற்றில்தான் இறங்குகிறது, அதைப் பேசத்தான் ஆளில்லை.

முதலில் குளியலறைத் தண்ணீரைச் செப்டிக் வழிவிலிருந்து பிரியுங்கள். சமையலறைத் தண்ணீர் எண்ணெய் தங்கும் சிறு தொட்டி வழியாகப் போகட்டும். செப்டிக் வழிவை ஜல்லியும் நாணலும் வைத்த படுகையில் விட்டு, பிறகு மண்ணுக்கடியில் குழாய் போட்டுத் தென்னை வட்டத்துக்குக் கொடுங்கள், போர்வெல் பக்கம் வேண்டாம். வாழைக்கு இடையில் கீரை போட்டிருந்தால் அந்தப் பாத்திக்கு மட்டும் இந்தத் தண்ணீர் எட்டக்கூடாது. டேங்கைக் கடைசியாக எந்த வருடம் அள்ளினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று வருடம் தாண்டியிருந்தால் சோதனையைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள்.