செம்போரைக் குட்டியைத் தாய் ஏன் முட்டுகிறது?

கேள்வி: எங்கள் கன்னி இன ஆடு மூன்று நாளைக்கு முன்பு மழை ராத்திரியில் இரண்டு குட்டி போட்டது. ஒன்று தாயைப் போலவே கருப்பு, முகத்தில் இரண்டு வெள்ளைக் கோடு. முதலில் பிறந்தது வெள்ளையில் சிவப்புத் திட்டு. அது நடுங்கியதால் துடைத்து, அடுப்படியில் சாக்குக்குள் வைத்திருந்து விடிந்ததும் விட்டேன். அன்றிலிருந்து தாய் அதை முட்டித் தள்ளுகிறது. கறந்து புட்டியில் ஊட்டுகிறேன். 'நிறம் மாறிப் பிறந்ததை ஆடு சேர்க்காது, விற்றுவிடு' என்கிறார் மாமியார். ஆட்டுக்கு நிறம் தெரியுமா, டாக்டர்?
– ஒரு வாசகி, விளாத்திகுளம்

பதில்: விற்க வேண்டாம், அம்மா. காரணம் குட்டியின் நிறமல்ல, அந்த அடுப்படிச் சாக்குதான்.

ஈன்ற ஆடு குட்டியை நக்கி நக்கித்தான் அதன் வாசனையைப் பழகிக்கொள்கிறது. பிறந்த முதல் ஒரு மணி நேரம் இதற்கு மிக முக்கியம். பால் குடிக்க வரும் குட்டியின் வாலடியைத் தாய் முகர்ந்து பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். பழகிய வாசனை வந்தால்தான் மடியைக் கொடுத்து நிற்கும். உங்கள் குட்டியோ ராத்திரி முழுக்கப் பிரிந்திருந்து, புகை வாசனையோடு திரும்பி வந்திருக்கிறது. சிறுமியாக இருந்தபோது நானும் இதே தவறைச் செய்தேன். பிறந்த குட்டி அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிவிட்டேன். தாய் அதைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. அன்று அந்தக் குட்டி கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். ஆட்டுக்கு நிறம் தெரியும், ஆனால் நம் அளவுக்கு இல்லை. நம் கண்ணில் நிறமறியும் செல்கள் மூன்று வகை, ஆட்டுக்கு இரண்டுதான். ஒன்று நீலத்தைப் பிடிப்பது, மற்றது மஞ்சள் கலந்த பச்சையைப் பிடிப்பது. அதனால் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகப் பிரித்தறியும். சிவப்பையும் பச்சையையும் பிரிப்பதுதான் அதற்குச் சிரமம். உங்கள் குட்டியின் செந்திட்டு தாய்க்கு மங்கிய மஞ்சள் பழுப்பாகத் தெரியலாம். கருப்பு, வெள்ளை வித்தியாசம் நன்றாகவே தெரியும், மறுக்கவில்லை. ஆனால் பால் கொடுப்பதா வேண்டாமா என்பதை மூக்குதான் முடிவு செய்கிறது.

குட்டிக்கு அந்த நிறம் கிடாய் வழியில் வந்திருக்கும். வெள்ளையில் சிவப்புத் திட்டு என்றால், அது உங்கள் பக்கத்துக் கொடி இன ஆட்டின் செம்போரை நிறம். மேய்ச்சலில் ஒரு செம்போரைக் கிடாய் சேர்ந்திருக்கலாம். ஒரே சினைப்பருவத்தில் இரண்டு கிடாயோடு சேர்ந்தால், கூடப் பிறந்த குட்டிகளுக்கே தகப்பன் வேறாக இருப்பதும் உண்டு. ஆட்டு மயிரில் கருப்பு, சிவப்பு என இரண்டே நிறமிகள். எந்த இடத்தில் எது வரும் என்பதை மரபணு தீர்மானிக்கிறது. திட்டாகத் தெரியும் வெள்ளை, நிறமி செல்கள் போய்ச் சேராத இடம். இதில் நோயும் இல்லை, குறையும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: முதலில் மடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாகவோ கல் மாதிரியோ இருந்தால் மடிநோயாக இருக்கலாம், உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். மடி நன்றாக இருந்தால், தாயின் பாலையே கறந்து குட்டியின் தலை, முதுகு, முக்கியமாக வாலடியில் தடவுங்கள். கருப்புக் குட்டியோடு சேர்த்து உரசி விடுங்கள். தாயைக் குட்டைக் கயிற்றில் கட்டி, மூவரையும் சின்ன அடைப்பில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை தாயைப் பிடித்துக்கொண்டு குடிக்க விடுங்கள். மூன்று நாள் தாண்டிவிட்டதால் உடனே பலிக்காது, ஒரு வாரமாவது பொறுமையாகச் செய்யுங்கள். அதுவரை புட்டியை நிறுத்த வேண்டாம். 2 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 300 மில்லி, நான்கைந்து வேளையாகக் கொடுங்கள். பால் வெதுவெதுப்பாக இருக்கட்டும். குட்டியின் தலையை அண்ணாந்து பிடிக்காமல் நின்ற வாக்கிலேயே குடிக்க விடுங்கள், புரை ஏறாது.