ஆஸ்துமா ஆராய்ச்சியாளர்கள் ஏன் சளியை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள்?

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்கள் அழற்சியால் வீங்கி, எளிதில் சுருங்கிவிடும் நோய். இழுப்பும் இருமலும் வெளியே தெரிபவை. உள்ளே என்ன வகை அழற்சி என்பதை சளியிலுள்ள செல்கள் சொல்லும்.

சுவரில் ஈரக்கசிவு தெரிகிறது. மழைநீரா, உடைந்த குழாயா என்று பார்க்காமல் பூசினால் பயனில்லை அல்லவா? அப்படித்தான் இதுவும். 1958இல் இங்கிலாந்து மருத்துவர் ஹாரி மாரோ பிரவுன், சளியில் ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் இருந்தவர்களுக்கே ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்ததைக் காட்டினார். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் பல ஆண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. கனடாவின் ஹாமில்டன் நகர நுரையீரல் மருத்துவர் ஃப்ரெடி ஹார்கிரீவ், உப்புநீரின் நுண்துளிகளை மூச்சோடு இழுக்க வைத்துச் சளியை வெளிக்கொணர்ந்து செல்களை எண்ணும் முறையைச் செம்மைப்படுத்தியவர்களில் முக்கியமானவர். வாழ்நாளின் பெரும்பகுதியை இத்துறைக்கே தந்தார்.

பலன் பெரியது. ஈசினோஃபில்களைக் குறைக்கும் மெபோலிசுமாப் என்ற ஊசிமருந்து, நோயாளிகளைப் பிரிக்காமல் கொடுத்த ஆய்வில் ஏமாற்றியது. ஈசினோஃபில் மிகுந்தவர்களை மட்டும் தேர்ந்து நடத்திய ஆய்வுகள் 2009இல் வெளிவந்தன. கடும் தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. மருந்து அதேதான், ஆள் தேர்வுதான் வேறு.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ இருந்தாலே கிருமித் தொற்று, ஆன்டிபயாடிக் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஈசினோஃபில் மிகுந்தாலும் அந்த நிறம் வரலாம்.