ரெண்டுல ஏழு போகுமா? (கடிதமும் பதிலும்)

சார், வணக்கம். என் பொண்ணு மூணாவது படிக்கிறா. 52-ல 17 போனா எவ்வளவுன்னு கேட்டா 45-னு எழுதுறா. எத்தனை தடவை சொன்னாலும் அதே தப்பு. "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்துல கடன் வாங்கு"னு மிஸ்ஸும் சொல்றாங்க, நானும் சொல்றேன். அவங்க அப்பா கோவத்துல மக்குன்னு திட்டிட்டாரு. நேத்து அவளே கேட்டா, "கழித்தல்னா என்னம்மா?"னு. எடுத்துடறதுன்னு சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துடுச்சு. போன வருஷம் எங்கப்பா தவறிட்டார். நாலு பேர் இருந்த வீட்ல இப்ப மூணு பேர். கழித்தல்னா இழப்பு மட்டும்தானா சார்? அப்புறம், அபாகஸ் கிளாஸ்ல சேர்க்கலாமா?

ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள வாசகிக்கு,

அபாகஸ் வேண்டாம். அதைப் பத்தி இதுக்கு மேல பேச ஒண்ணுமில்ல.

அப்பாவைப் பத்தி எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நாலுல ஒண்ணு போனா மூணு, எந்த ஒண்ணு போனாலும் மூணுதான், கணக்குக்கு எல்லா ஒண்ணும் ஒரே ஒண்ணுதான். உங்க வீட்ல அப்படியா? போனது உங்கப்பா. அவரை இந்தக் கணக்குக்குள்ள கொண்டுவராதீங்கம்மா. அழுகை வந்தா அழுங்க, யாரும் ஒண்ணும் சொல்லப்போறதில்ல, ஆனா அந்த பாரத்தை கொழந்தையோட கணக்கு நோட்டு மேல ஏத்திடாதீங்க.

இப்ப உங்க வீட்டுக்காரருக்கு. மக்குன்னு சொன்னது பெரிய தப்பு. அவ போட்டதை ஒருதடவையாச்சும் உக்காந்து பாத்தாரா? ரெண்டுல ஏழு போகாதுன்னு நீங்க எல்லாரும் சொன்னீங்க, சரி அப்ப ஏழுல ரெண்டு போகும்னு திருப்பிப் போட்டா, 5 வந்துச்சு, அஞ்சுல ஒண்ணு போனா 4, ஆக 45. நீங்க சொன்ன சட்டத்தை ஒரு எழுத்து மாறாம மதிச்ச புள்ள அது! 1978-ல அமெரிக்காவுல ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்டன்னு ரெண்டு பேர் பசங்க போடுற கழித்தல் தப்புகளை கம்ப்யூட்டர் புரோகிராம்ல பக், அதாவது பிழை, தேடற மாதிரியே ஆராய்ச்சி பண்ணி எழுதினாங்க, அதுல அவங்க காட்டினது இதைத்தான், நிறைய தப்பு கவனக்குறைவுல வர்றதில்ல, மனசுக்குள்ள ஒரு தப்பான விதி இருக்கு, புள்ள அதை ஒழுங்கா பின்பற்றுது. உங்க பொண்ணு போடுற இதே தப்பு அதுல ரொம்ப பேர்போனது. அந்த விதி எங்கேர்ந்து வந்துச்சு? "போகாது"ங்கற நம்ம வாயிலேர்ந்துதான் வந்துச்சு.

போகும். ரெண்டுல ஏழு போனா மைனஸ் 5. நம்ம நாட்டு கணித மேதை பிரம்மகுப்தர் கி.பி. 628-லயே, பிளஸ் எண்ணை சொத்துன்னும் மைனஸ் எண்ணை கடன்னும் வச்சு, பூஜ்யத்துலேர்ந்து சொத்தைக் கழிச்சா கடன், கடனைக் கழிச்சா சொத்துன்னு எழுதி வச்சிட்டார். மூணாவதுல இதெல்லாம் பாடமா நடத்தணும்னு நான் சொல்லல, பொய் சொல்லாதீங்கன்னு மட்டும்தான் சொல்றேன், ஏன்னா ஆறாவது ஏழாவது வரும்போது போகும்னு நாமளே மாத்திச் சொல்லுவோம், அன்னைக்கு புள்ள எதை நம்பும்? வேணும்னா இப்படிப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, 50-ல 10 போனா 40, ரெண்டுல ஏழுக்கு 5 பத்தல, 40-ல அந்த 5 போச்சுன்னா 35. கடனே வாங்கல.

ஆனா நான் ரொம்ப நாளா புலம்பிட்டு இருக்கற விஷயம் வேற. நம்ம புள்ளைங்களுக்கு கழித்தல்னா ஒரே படம்தான் காட்டுறோம். மரத்துல எட்டு குருவி, மூணு பறந்துச்சு. கூடையில பத்து மாம்பழம், நாலு தின்னாச்சு. எப்பவும் ஏதோ ஒண்ணு போய்க்கிட்டே இருக்கு. நீங்களும் அதையேதான் பொண்ணுக்குச் சொன்னீங்க. கழித்தல்ல பாதி இடத்துல எதுவும் எங்கயும் போறதில்லம்மா. ரெண்டு எண் அது அது இடத்துல இருக்கு, நடுவுல எவ்வளவு தூரம்னு கேக்குறோம், அவ்வளவுதான். அக்கா தம்பியை விட எத்தனை வயசு பெரியவ? இதுல யாரு போனா?

எங்க மாமா மளிகைக் கடை வச்சிருந்தார், ஸ்கூல் லீவுல கல்லாப் பக்கத்துல நான்தான் உக்காருவேன். 63 ரூபாய்க்கு சாமான் வாங்கிட்டு ஒருத்தர் நூறு ரூபா நீட்டுவார். மாமா நூறுல அறுபத்தி மூணு போனா எவ்வளவுன்னு யோசிச்சு நான் பாத்ததே இல்ல. ரெண்டு ரூபா எடுத்து வச்சு "அறுபத்தஞ்சு"ம்பார், அஞ்சு வச்சு "எழுவது", பத்து வச்சு "எம்பது", இருவது ரூபா நோட்டை மேல வச்சு "நூறு, சரியா?" முடிஞ்சுது. 37 ரூபா அவர் கையில இருக்கு, 37-ங்கற எண்ணை யாருமே சொல்லல. ஏறிப்போய் முடிச்ச கழித்தல் அது. 1642 வாக்குல பிரான்ஸ் நாட்டு கணித மேதை பாஸ்கல் செஞ்ச கணக்கு மிஷின்லயும் சக்கரத்தைப் பின்னாடி சுத்த முடியாது, அதனால அவரும் கழித்தலை கூட்டியேதான் போட வச்சார். இப்ப எல்லாரும் ஸ்கேன் பண்ணி பைசா சுத்தமா அனுப்பிடறோம், சில்லறை எண்ணி வைக்கறதை புள்ளைங்க எங்க பாக்குது? இது எனக்கு நிஜமாவே வருத்தம்.

கேஸ் சிலிண்டர் வந்தா பாருங்க, மேல காலி எடை எழுதியிருக்கும், 15.4 கிலோன்னு வச்சுக்குவோம். உள்ள இருக்க வேண்டியது 14.2. அந்த கேஸை மட்டும் தனியா எடுத்து தராசுல வைக்க முடியுமா? மொத்தமா நிறுத்து 29.6 வருதான்னு பாத்துதான் சொல்ல முடியும். நேரா அளக்கவே முடியாத ஒண்ணை கழித்தல் கண்டுபிடிச்சுக் குடுக்குது. இதை இழப்புன்னு எப்படிம்மா சொல்றது? நமக்குக் கெடைச்சதுல்ல அது!

எங்க பாட்டி 52-ல 17-ஐ வேற மாதிரி போடுவாங்க. மேல இருக்கற ரெண்டோட ஒரு பத்து கூட்டு, கீழ பதினேழோடயும் ஒரு பத்து கூட்டு, பன்னண்டுல ஏழு போனா அஞ்சு, அஞ்சுல ரெண்டு போனா மூணு. ஸ்கூல்ல நான் படிச்சதுக்கு இது ஒத்தே வராது, விடை மட்டும் சரியா இருக்கும். ஏன் சரியா வருதுன்னு அவங்களும் சொன்னதில்ல. ரெண்டு பக்கமும் ஒரே அளவு ஏறினா நடுவுல இருக்கற தூரம் மாறாது, அதான். அக்காவுக்கும் தம்பிக்கும் பத்து வருஷம் கழிச்சும் அதே வித்தியாசம்தானே.

அதனால ஒண்ணு செய்யுங்க. டெய்லர் டேப் ஒண்ணை தரையில விரிங்க, சென்டிமீட்டர் பக்கம் மேல இருக்கட்டும். 17-ல ஒரு புளியங்கொட்டை, 52-ல ஒண்ணு. இங்கேர்ந்து அங்க எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க, கழித்தல்ங்கற பேச்சே எடுக்காதீங்க. மூணு போனா 20, முப்பது போனா 50, இன்னும் ரெண்டுன்னு அவளே போவா. அப்புறம் ரெண்டு கொட்டையையும் மூணு மூணு தள்ளி 20-லயும் 55-லயும் வைக்கச் சொல்லி திரும்பக் கேளுங்க. அவங்க அப்பாவும் பக்கத்துல உக்காரட்டும், வாயைத் தொறக்காம.

என்ன விடை சொன்னான்னு எனக்கு எழுத வேண்டாம். எந்த வழியா போனான்னு எழுதுங்க.