அமெரிக்க ஆலைகள் ஏன் மூடின? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அமெரிக்காவில் ஆலைகள் மூடியது, வேலைகள் வெளிநாடு போனது பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பிரபு, கோவை: எல்லா வேலையையும் சீனாதான் கொண்டுபோனதா?

எல்லாவற்றையும் இல்லை. அமெரிக்க ஆலைகளில் வேலை உச்சத்தில் இருந்தது 1979இல், ஏறக்குறைய 1.95 கோடி பேர். அதற்கும் முன்பே, 1977 செப்டம்பர் 19 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் யங்ஸ்டவுனில் ஒரு பெரிய உருக்காலையை மூடும் அறிவிப்பு வந்து சுமார் 5,000 பேர் வேலை இழந்தார்கள். 'கறுப்புத் திங்கள்' என்றே அந்த நாளுக்குப் பெயர். அப்போது சீனா இந்தப் போட்டியிலேயே இல்லை. பழைய உலைகளில் பணம் போடாத முதலாளிகள், ஜப்பானிய எஃகு எனக் காரணங்கள் வேறு.

ஆனாலும் 2000 வரை 1.7 கோடிப் பேருக்கு வேலை இருந்தது. 2010 தொடக்கத்தில் அது சுமார் 1.15 கோடி. சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது 2001 டிசம்பரில். 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் போன வேலைகள், ஆலைகளைச் சுற்றிப் பிழைத்தவர்களையும் சேர்த்து, 20 முதல் 24 லட்சம் என்று டேவிட் ஆட்டர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் கணக்கிட்டார்கள். பெரிய பங்குதான், முழுப் பங்கு அல்ல.

ரேவதி, சென்னை: இயந்திரங்கள்தான் காரணம், உற்பத்தி குறையவே இல்லை என்கிறார்களே?

எஃகுக்கு அது பொருந்தும். 1980களின் தொடக்கத்தில் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 10 மணி நேர உழைப்பு தேவைப்பட்டது. இப்போது 2 மணி நேரம்கூட வேண்டாம். மற்றபடி அந்த வாதத்தை நான் முழுசாக நம்புவதில்லை. உற்பத்தி வளர்ந்ததாகக் காட்டும் புள்ளிவிவரத்தில் பெரும்பகுதி கணினி, மின்னணுத் துறையின் கணக்கு. சிப்பின் வேகம் கூடினால் 'உற்பத்தி கூடியது' என்று அதில் ஏறிவிடும். அந்தத் துறையை எடுத்துவிட்டுப் பாருங்கள், வளர்ச்சி சொற்பம்.

செல்வி, கரூர்: நாங்கள் அனுப்பும் துண்டும் விரிப்பும் அவர்கள் வேலையைப் பறித்தனவா?

ஓரளவு, ஆமாம். வட கரோலினாவில் கன்னாபொலிஸ் என்று ஓர் ஊர், கேனன் துண்டுகளுக்குப் பேர்போனது. வீடுகள்கூட ஆலைக்குச் சொந்தமாக இருந்த ஊர். தொழிற்சங்கம் பல முறை தோற்று, 1999இல்தான் வாக்கெடுப்பில் வென்றது. 2003 ஜூலை 30 அன்று ஆலையை நடத்திய பில்லோடெக்ஸ் மூடியது. எல்லா ஊர்களிலும் சேர்த்து சுமார் 6,450 பேர், வட கரோலினாவில் மட்டும் 4,800 பேர் அளவில் ஒரே அடியாக வேலை இழந்தார்கள்.

சங்கம் வந்ததால்தான் மூடினார்கள் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. பில்லோடெக்ஸ் 1997இல் கடன் வாங்கித்தான் அந்த ஆலைகளையே வாங்கியது. 2000இலேயே ஒருமுறை திவாலாகிவிட்டது. எந்த நாட்டிலிருந்து எவ்வளவு ஜவுளி வரலாம் என்று இறக்குமதிக்கு வரம்பு வைத்திருந்த ஒதுக்கீட்டு முறை 2005 ஜனவரி 1 அன்று முற்றிலும் முடியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். கடன் கழுத்தை நெரிக்கும்போது மலிவுத் துண்டோடு எப்படி மோதுவது?

இன்னொன்றும் உண்டு. வட கரோலினா போன்ற தென் மாநிலங்களில் ஜவுளி செழித்ததே, கூலி குறைவு, சங்கம் கிடையாது என்று வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்து வேலை அங்கே வந்ததால்தான். மாசசூசெட்ஸின் லோவெல், ஃபால் ரிவர் ஊர்களின் நூற்பாலைகள் 1920களிலிருந்தே வரிசையாக மூடின. அப்போது யாரும் அதை வெளிநாட்டுச் சதி என்று சொல்ல முடியவில்லை!

பெயர் வேண்டாம் என்றவர்: வேலை போனால் வேறு ஊருக்குப் போக வேண்டியதுதானே?

வீட்டை யாரிடம் விற்பது? ஊரே ஒன்றாக விற்க நின்றால் விலை என்ன ஆகும்? அங்கே மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் வேலையோடு வருவது, வேலையோடு போவது. மறுபயிற்சிக்கு 1962இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஒன்று இருந்தது. ஆனால் பதின்ம வயதிலேயே ஆலைக்குப் போய், ஐம்பதைத் தாண்டியவரைக் கல்லூரியில் உட்காரச் சொன்னால் எத்தனை பேரால் முடியும்? அந்தத் திட்டமும் 2022இல் காலாவதியாகிவிட்டது.

இம்ரான், ஸ்ரீபெரும்புதூர்: வரி போட்டால் வேலை திரும்பி வருமா?

கொஞ்சம் வரும், வேறெங்கோ போகும். 2018இல் இறக்குமதி எஃகுக்கு 25 சதவீத வரி போட்டார்கள். எஃகு செய்கிறவர்களைவிட அதை வாங்கிப் பொருள் செய்கிறவர்கள் பல மடங்கு அதிகம், அவர்களுக்குச் செலவு ஏறியது.

வரிக்குப் பதில் மானியம் கொடுத்து ஆலையை வரவழைக்கலாமே என்றால், அதற்கு உதாரணம், உங்கள் ஊருக்குத் தெரிந்த மின்னணு நிறுவனம் ஃபாக்ஸ்கான். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று 2017இல் அறிவித்தார்கள். 2018இல் டிரம்ப்பே போய் மண்வெட்டி பிடித்தார். 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது வேலை எண்ணிக்கை 1,454. திருகாணி முதல் திரை வரை பக்கத்திலேயே கிடைக்கும் சப்ளையர் கூட்டம் இல்லாமல் ஆலையை மட்டும் தூக்கிவந்து வைக்க முடியாது. இப்போது அந்த வட்டாரத்தில் மைக்ரோசாஃப்ட் டேட்டா சென்டர் கட்டுகிறது. கட்டும்வரை ஆட்கள் நிறையத் தேவை, ஓட்டுவதற்கு அவ்வளவு பேர் வேண்டாம்.