விமானப் பராமரிப்புப் படிப்பும் கையெழுத்தின் பொறுப்பும்

அன்புள்ள அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகள் ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியியல் படிக்க விரும்புவதாகவும், நாளை ஏதேனும் விபத்து நேர்ந்தால் பழி தயாரிப்பு நிறுவனத்தின் மீது விழுமா, மகள் தலையில் விழுமா என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சேர்க்கைக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்விதான்.

வடிவமைப்புக்கும் பராமரிப்புக் கையேட்டுக்கும் பிற்பாடு தெரியவரும் குறைகளைச் சரிசெய்ய வெளியிடும் சர்வீஸ் புல்லட்டின் எனும் அறிவிப்புகளுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. விமானத்தைப் பறக்கத் தகுந்த நிலையில் வைத்திருப்பது விமான நிறுவனத்தின் கடமை. வேலையை வெளியாரிடம் கொடுத்தாலும் அந்தக் கடமை நீங்காது. செய்த வேலை விதிப்படி முடிந்ததென்று கையெழுத்திடுபவர் உரிமம் பெற்ற பொறியாளர்.

இந்த எல்லைகள் மீறப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1979 மே 25 அன்று சிகாகோவில் 273 உயிர்களைப் பலிகொண்ட டிசி-10 பயணிகள் விமான விபத்தைப் பாருங்கள். இன்ஜினை முதலில் இறக்கிவிட்டு, அதை இறக்கையோடு பிணைத்துத் தாங்கும் பைலானைப் பிறகு கழற்றுமாறு தயாரிப்பாளரான மெக்டானல் டக்ளஸ் சொல்லியிருக்க, ஒரு விமானத்துக்குச் சுமார் 200 ஆள்மணி மிச்சமாகும் என்பதால் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இரண்டையும் ஒன்றாக ஃபோர்க்லிஃப்டில் தாங்கி இறக்கியது. அப்படிச் செய்ததில் பைலானின் பின்புற இணைப்பில் உண்டான விரிசலால், விமானம் மேலெழும்பும் வேளையில் இடது இன்ஜின் பைலானோடு பிய்ந்து போனது. புலனாய்வாளர்கள் பராமரிப்பையே முதற்காரணமாகக் குறித்தார்கள்; ஆனால் சேதத்துக்கு எளிதில் இடம் கொடுத்த வடிவமைப்பையும், வேறொரு விமான நிறுவனத்தில் முன்பே நேர்ந்த அதே சேதத்தின் விவரம் உரியவர்களைச் சென்றடையாததையும் அவர்கள் விட்டுவைக்கவில்லை.

ஆகவே பழி ஒருவர் தலையில் மட்டும் விழுவதில்லை. ஆனாலும் செய்யாத வேலைக்குக் கையெழுத்திட்டவரின் உரிமம் பறிபோகலாம். கையேட்டின்படி செய்து முறையாகப் பதிவு செய்தவருக்கு அந்தப் பதிவே சாட்சி. விமானம் தாமதமாகிறது என்று மேலாளர் நெருக்கும்போது, வேலை முடியவில்லை என்று சொல்லி நிற்கும் மனத்திடம் மகளுக்கு உண்டா என்று பாருங்கள். மதிப்பெண்ணைவிட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

வடிவமைப்பில்தான் நாட்டம் என்றால் ஏரோநாட்டிகல் பி.இ. பொருத்தமானது, அந்தப் பட்டம் மட்டும் கையெழுத்திடும் உரிமையைத் தராது, அதற்கு டிஜிசிஏ என்ற இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பின் உரிமம் வேண்டும். ஏ.எம்.இ.தான் என்று முடிவானால், கட்டணம் செலுத்துமுன் அந்தப் பயிற்சி நிறுவனம் பராமரிப்புப் பயிற்சி நிறுவனங்களுக்கான டிஜிசிஏ விதியாகிய சி.ஏ.ஆர்.-147-இன் அங்கீகாரம் பெற்றதா, அது பி1.1 பிரிவுக்கா (டர்பைன் இன்ஜின் விமானங்களின் இயந்திரப் பகுதி) பி2 பிரிவுக்கா (மின்னணு, மின்சாரப் பகுதி), பறக்கும் நிலையிலுள்ள விமானங்களில் செய்முறைப் பயிற்சி எங்கே தரப்படும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.