நாளைப் பந்தயத்துல எந்த ஜோடி வரும்? அண்ணாச்சி பதில் சொல்லுதாரு

ஒட்டப்பிடாரம் பக்கம் கோயில் கொடைக்கு நாளைக் காலையில மாட்டு வண்டி, குதிரை வண்டிப் பந்தயம். பெரிய மாடு போக வர 10 மைல், சின்ன மாடு 6 மைல், பூஞ்சிட்டு (கன்னு வயசு மாடு) 5 மைல். கடைசியில குதிரை. நேத்துல இருந்து கேட்டுக்கிட்டே இருக்கீங்க, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிருதேன்.

அண்ணாச்சி, பெரிய மாட்டுல 9 ஜோடி பேர் குடுத்திருக்காங்க. சுத்தி வளைக்காம சொல்லுங்க, யாரு?

விளாத்திகுளத்து மயிலை (சாம்பல் நிற) ஜோடி. ரெண்டாவது கயத்தாறு செவலை–காரி, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு கறுப்பு. மூணாவது இடத்துக்கு மூணு வண்டி அடிச்சுக்கிடும். அதுல வாய் குடுக்க மாட்டேன்.

கயத்தாறு ஜோடிதான போன பந்தயத்துல கொடி எடுத்துச்சு? அதைப் போயி ரெண்டாவதுங்கீங்க?

கொடி எடுத்துச்சு, வாஸ்தவம். கொடி குடுக்கது திருப்பத்துக்கு முதல்ல போற வண்டிக்கு. எல்லைக்கோட்டுக்கு வரும்போது அது எத்தனாவதுன்னு கேட்டுப் பாருங்க. மூணாவது. மயிலை ஜோடி திருப்பத்துல நாலாவதாப் போயி, முதலாவதா வந்துச்சு.

நம்ம ஆளுக பாதிப் பேரு போற வண்டியப் பாத்துட்டு விசிலடிச்சுட்டு டீ குடிக்கப் போயிருதாங்க. பந்தயம் நடக்கது திரும்பி வர்ற அஞ்சு மைல்ல. பெரிய மாடு விடுறதா நோட்டீஸ்ல 6 மணின்னு போட்டிருக்கு. மாலை, மரியாதை, மைக்ல பேச்சு எல்லாம் முடிஞ்சு கொடி அசைக்க எட்டாயிரும், இது நம்ம ஊரு வழக்கம். திரும்புற நேரத்துக்கு வெயில் ஏறிரும், கீழ தார் வேற சூடு விடும். குதிரை வேர்த்துக் கொட்டி உடம்புச் சூட்டை இறக்கிரும். மாடு அந்த அளவுக்கு வேர்க்காது, மூச்சு வாங்கியும் சூட்டை ஆத்தணும். வாயை மூடிக்கிட்டு ஓடுற மாட்டுக்கு இன்னும் தெம்பு இருக்கு. வாய் தொறந்து, நாக்கு வெளிய வந்து, கோழை கயிறு மாதிரித் தொங்குச்சுன்னா அந்த வண்டியை மறந்துருங்க. காரி அழகான மாடுதான், ஆனா கறுப்புத் தோலு வெயிலை இழுக்கும். போன தடவ காரிதான் முதல்ல வாயைத் தொறந்துச்சு. செவலை அது பாரத்தையும் சேத்து இழுத்துக்கிட்டு வந்துச்சு, பாவம்.

ஜோடிப் பொருத்தம், ஜோடிப் பொருத்தம்ங்காங்களே, கண்ணால பாத்தா தெரியுமா?

தெரியும். விடுறதுக்கு முந்தி வண்டிக்கு நேர் எதுக்க போயி நில்லுங்க. நுகத்தடி மட்டமா இருக்கான்னு பாருங்க. ஒரு பக்கம் தாழ்ந்து இருந்தா உயரம் ஒக்கல. பெறகு நாலு எட்டு நடக்க விடுவாங்க, அப்ப பக்கத்துல போயிப் பாக்கணும். ஒரு மாடு அரை அடி முந்திப் போச்சுன்னா நுகம் கோணிக்கும், முந்துற மாடு கழுத்துல அத்தனையும் ஏறும். பழைய ஜோடின்னா கழுத்துத் தோலைத் தடவிப் பாருங்க (உடையவரு விட்டா). ரெண்டுக்கும் காய்ப்பு ஒரே இடத்துல, ஒரே அளவா இருக்கணும். ஒண்ணுக்கு மட்டும் ரோமம் உதுந்து தடிச்சிருந்தா, இத்தனை நாளும் அந்த ஒத்தை மாடுதான் வண்டி இழுத்திருக்கு.

இடம் வலம் ரொம்ப முக்கியம். இடத்து மாடாப் பழகுனதை வலத்துல கட்டுனா பாதி வேகம் போச்சு. நாளைக்குத் திருப்பம் வலது கை வாக்குல. வலத்து மாடு நின்ன இடத்துலயே காலை மாத்தணும், இடத்து மாடு வெளிய சுத்தி வரணும். விளாத்திகுளத்து வலத்து மயிலை சாரதி தாம்பை லேசா ஒரு சுண்டு சுண்டுனாப் போதும், கழுத்தை உள்ள மடிச்சுக் குடுத்துரும். துணைச் சாரதி அந்நேரம் கீழ குதிச்சு ரெண்டு எட்டு கூட ஓடி மறுபடி ஏறுதான், பாத்தீங்களா? பாரம் கொறையட்டும்னுதான். அந்தப் பய ஓட்டத்தைப் பாக்கவே துட்டு குடுக்கலாம்.

எந்த இனம் ஓடும்? காங்கேயம் வாங்கலாமா?

காங்கேயம் பாரத்துக்கு ராஜா. ஓட்டத்துக்கு நீளக் காலும் இறுகுன உடம்பும் வேணும், அதுக்கு மைசூர்ப் பக்கத்து ஹல்லிகர் சாதி. புளிக்குளம் நம்ம தெற்கத்தி மாடு, சின்ன உடம்பு, நல்ல சுறுசுறுப்பு. சின்ன மாட்டுப் பந்தயத்துக்கு அதை நம்பலாம். வாங்கணும்னா ஆடியில அந்தியூர் சந்தைக்குப் போங்க, மாடும் குதிரையும் ஒரே இடத்துல பாக்கலாம். பந்தயத்தன்னைக்கு ஜெயிச்ச மாட்டை விலை பேசாதீங்க. அன்னைக்கு உடையவரு வாயில வர்றதெல்லாம் விலையில்ல, சந்தோசம்.

பூஞ்சிட்டுல யாரு அண்ணாச்சி?

யாருக்குத் தெரியும்! கன்னுக் குணம். கூட்டத்தைப் பாத்து மிரண்டா ஓடையில இறங்கிரும்.

பல்லைப் பிடிச்சுப் பாக்காங்களே, என்ன கணக்கு?

பால் பல்லு விழுந்து முதல் ரெண்டு நிலைப் பல்லு வர ரெண்டு வயசுக்கு மேல ஆயிரும். எட்டும் சேர ஏறக்குறைய அஞ்சு வயசு. கமிட்டி வயசையும் உயரத்தையும் பாத்துத்தான் பிரிக்கும். தேனிப் பக்கம் கரிச்சான், தேன்சிட்டு, தட்டான்சிட்டுன்னு இன்னும் பொடிசாப் பிரிப்பாங்க. நமக்கு அவ்வளவு பொறுமை இல்ல.

குதிரை வண்டிக்கு என்ன பாக்கணும்?

மூக்கைப் பாருங்க. குதிரை வாயால மூச்சு விடாது, மூக்கு ஒண்ணுதான் வழி. அதனால மாட்டுக்குச் சொன்ன வாய்க் கணக்கு இங்க செல்லாது. விடுறதுக்கு முந்தியே மூக்குத் துவாரம் விரிஞ்சு துடிச்சா, கொட்டுச் சத்தத்துலயே பாதித் தெம்பைக் கரைச்சிருச்சுன்னு அர்த்தம். அடுத்தது காது. ஓடும்போது ஒரு காது பின்னால சாரதி பக்கம் திரும்பித் திரும்பி வரணும், அது சொல் கேக்குற குதிரை. மூணாவது நடை. ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கத்துப் பின்னங்காலும் சேந்து விழுற ஓட்டம் நீளத்துக்குத் தாங்கும். எடுத்த எடுப்புலயே நாலுகால் பாய்ச்சல்ல போறது பாக்கப் பிரமாதமா இருக்கும், பாதித் தூரத்துல இறைச்சுப் போகும். நாளைக்கு என் கணக்கு எட்டயபுரத்துச் செங்குதிரை. தூத்துக்குடி வெள்ளை பாய்ச்சல் குதிரை, கூட்டம் அது பின்னாலதான் நிக்கும்.

கிண்டி ரேஸ் மாதிரி நாமளும் துட்டு கட்டலாமா?

கூடாது. குதிரைப் பந்தயம் திறமை சேந்த விளையாட்டுன்னு 1996ல உச்ச நீதிமன்றம் சொன்னது கிண்டி மாதிரி முறையா நடந்த மைதான வழக்குல. அந்தக் கிண்டி குத்தகையவே 2024ல அரசாங்கம் ரத்து பண்ணிட்டு. ஊர்க் கொடையில ஆளுக்கு ஆளு துட்டு கட்டுனா போலீஸ் வரும், அடுத்த வருசம் அனுமதி கிடைக்காது. நான் சொல்லுத கணிப்பு டீக்கடையில பேசத்தான்.

தார்க்குச்சி (ஆணி வச்ச குச்சி) வச்சுக் குத்துதாங்களே, கேக்க ஆளில்லையா? — மணியாச்சியில இருந்து ஒரு அக்கா

கேக்கணும் தாயி. 2014ல உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டை நிப்பாட்டுனப்ப வண்டிப் பந்தயத்தையும் சேத்துத்தான் சொல்லிச்சு. மாட்டை வதைக்காங்கங்கிறதுதான் காரணம். 2017ல சட்டத்தைத் திருத்தி, அந்தத் திருத்தம் செல்லும்னு 2023 மே மாசம் தீர்ப்பு வந்தபெறகும், ஆணியும் வால் கடியும் சரின்னு யாரும் சொல்லல. குத்துபட்ட மாடு ரெண்டு பர்லாங்கு பாயும், பெறகு சாரதி கை ஓங்குனாலே கோணல்ல இழுக்கும். குச்சி எடுக்குற வண்டி என் லிஸ்ட்ல வராது.

பிள்ளைகளைக் கூட்டிட்டு வாரோம். எங்க நின்னு பாக்கலாம்?

திருப்பத்துல வெளிப்பக்கம் வேண்டவே வேண்டாம், வண்டி சறுக்குனா அங்கதான் வரும். எல்லைக்கோட்டுக்குக் கொஞ்சம் முந்தி மேடா ஒரு இடம் பாத்துக்கோங்க. மாட்டை விட பைக்குக்குத்தான் பயப்படணும். வண்டிக்குப் பின்னால ஆரனை அமுக்கிக்கிட்டு அம்பது பைக்கு வருது. சவத்த, மாடு ஓடுதா பைக்கு ஓடுதான்னே தெரியல. கமிட்டி இந்தத் தடவையாவது கயிறு கட்டணும்.

ராத்திரி மழை வந்தா கணிப்பு மாறுமா?

மாறும். வெயில் இல்லைன்னா காரிக்கு வாட்டம் இல்ல, அப்ப கயத்தாறுதான் முதல். ஆனா நனைஞ்ச தார்ல தேஞ்ச லாடம் வழுக்கும், திருப்பத்துல எந்தச் சாரதி முன்கூட்டியே இழுத்துப் பிடிக்கான்னு பாக்கணும். கயத்தாத்துக்காரங்க புது லாடம் அடிச்சாச்சான்னு காலையில அஞ்சு மணிக்குப் போயிப் பாத்துட்டு எழுதுதேன். சின்ன மாட்டுக்குப் பேர் குடுக்கது இன்னும் முடியல, அதையும் அப்பவே சொல்லுதேன்.