மறுமொழி: அப்பாவுக்கு கே-ராஸ் மாற்றம், சோறும் சீனியும் நிறுத்தவா?

வணக்கம். பெருங்குடல் புற்றுநோய்க்கு மகரகமையில் வைத்தியம் பார்க்கும் அப்பாவுக்குச் சோறு, சீனி இரண்டையும் அடியோடு நிறுத்தச் சொல்லி வெள்ளவத்தைச் சொந்தக்காரர்கள் நெருக்குவதாக எழுதியிருந்தீர்கள். நிறுத்த வேண்டாம்.

சீனி கட்டிக்குத் தீனி என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. இந்தப் புற்றுநோயில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் கே-ராஸ் மரபணு மாறியிருக்கும். 'வளர்' என்ற சமிக்ஞை அணையாமல் எரியும். அதனால் புற்றுநோய்க் கலம் (செல்) தன் மேற்பரப்பில் குளுக்கோசை உள்ளிழுக்கும் புரதங்களைக் கூட்டிக்கொள்ளும். ஒட்சிசன் இருந்தாலும் குளுக்கோசைப் பெரும்பாலும் லக்டேட் என்ற பொருளாக ஆக்கிவிடும். புதுக் கலம் கட்டுவதற்கான மூலப்பொருளும் அந்த வழியில்தான் கிடைக்கிறது. குளுட்டமைன் என்ற அமினோ அமிலத்தையும் நிறைய எடுக்கும். பிக்3சிஏ மரபணுவும் மாறியிருந்தால் அந்தப் பசி இன்னும் கூடலாம்.

ஆனால் தட்டைக் காலியாக்கினால் கட்டி பட்டினி கிடக்காது. ஈரல் குளுக்கோசைத் தானே தயாரிக்கும், தசை கரைந்து குளுட்டமைன் வெளிவரும். மெலிவது அப்பாதான். மெலிந்த உடம்பு கீமோவைத் தாங்குவது கஷ்டம். (அறிவுரை சொன்ன மாமா இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியோடுதான் சொல்லியிருப்பார்!)

இடியப்பம், மீன், முட்டை, பருப்பு, எது இறங்குகிறதோ கொடுங்கள். நீரிழிவு இருந்தால் மட்டும் அளவை டொக்டரிடம் கேளுங்கள். அப்புறம், கே-ராஸ் பரிசோதனை அறிக்கையை அடுத்த கிளினிக்குக்கு மறக்காமல் கொண்டுபோங்கள்: கே-ராஸ் மாறியிருந்தால் செடுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்து பொதுவாக வேலை செய்யாது. சாப்பாட்டை விட அதற்குத்தான் அந்தத் தாள் முக்கியம்.